அது ஆரெண்டு எனக்குத் தெரியாது

மூன்று வருடத்துக்கு மேல் நான் குடம் சுமந்தது என் அண்ணனுடைய வீம்பினால். என்னுடைய வீம்பினாலும்தான். ஆனால் சுமந்தவள் நான் என்பதால் முதலில் அவனைத்தான் சொல்லுவேன். அவன் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். சின்ன வயதிலிருந்தே அவன், இவன் என்று கதைத்துப் பழகிவிட்டேன். இதை எழுதும்போதும் அதை மாற்றுவதாக இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அம்மாவின் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. அண்ணன் அதே வளவின் தெற்குப் பாதியில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டான். கிணறு அந்தப் பாதியில் அகப்பட்டுவிட்டது. அம்மா இருக்கும்வரை அதைப்பற்றி யாரும் யோசிக்கவில்லை. நடுவில் ஒரு கிடுகு வேலி, வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. அதால் நான் போய்த் தண்ணீர் அள்ளுவேன், அண்ணன் பெண்சாதி வந்து தேங்காய் துருவுவாள். எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நான் மச்சாள். அம்மா செத்த முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதுதான் கதை தொடங்கியது.

"வீடு எனக்கெண்டால் கிணறும் எனக்குத்தான். அம்மா அப்பிடித்தான் சொன்னவ" என்றேன்.

"கல்லுடைச்சுக் கிணறு வெட்டினது அம்மாவோ?" என்று கேட்டான்.

வெட்டியது அவன்தான். மணலுக்குக் கீழே கல் வந்து, கல்லுடைக்கிற அலவாங்கு பிடித்த உள்ளங்கை இரண்டும் உரிந்துபோனதை நான் பார்த்தவள். கிணற்றுக்குள் தேத்தண்ணிக் கோப்பையைக் கயிற்றில் கட்டி இறக்கியவளும் நான்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "வெட்டின கையைக் கொண்டுபோய் உன்ர பெண்சாதிக்குக் காட்டு" என்று சொல்லிவிட்டேன். பந்தியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவன் மன்னிக்கவில்லை. பொழுதுபடுவதற்குள் பொட்டைப் புதுக் கிடுகால் அடைத்து, தும்புக் கயிற்றால் மூன்று சுற்றுக் கட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர் என்றால் றோட்டுக்கு அப்பால் பள்ளிக்கூடத்தடியில் இருந்த பொதுக்கிணறு. போகிற வழியில், பூவரசுக்குக் கீழே, ஆமிக்காரர் காவல் நிற்கிற, மண்மூட்டை அடுக்கிய சென்றி. போகும்போது அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். திரும்பும்போது குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதையே திரும்பக் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பார்த்த அதே முகத்தைப் படத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். ஈரக் கையால் காட்டிக் காட்டி, அட்டையின் ஓரத்தால் தண்ணீர் புகுந்து, படத்தில் என் முகம் பாதி அழிந்துபோயிற்று. அதற்கும் கேள்வி. என் முகம் ஏன் அழிந்தது என்று அவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டும். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்தில் பாதி அண்ணனுக்குரியது. அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அவர்களுக்குரியது. ஆருடையது எது என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

எங்கள் ஊர் திருகோணமலைத் துறைமுக வாய்க்கு வடக்கே, நிலாவெளிக்குப் போகிற கரையோரம். ஊரின் தென் எல்லையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறை. அதன்மேல் ஏறி நின்றால் தூரத்தில் சுவாமிமலை தெரியும். துறைமுகத்துக்குள் போகிற கப்பல் எல்லாம் அந்தப் பாறைக்கு நேரேதான் திரும்பும். பாறையின் உச்சியில் வெள்ளைக்காரன் கட்டிய ஒரு சீமெந்துத் திட்டு இருந்தது. பெரிய சண்டைக் காலத்தில் யப்பான்காரன் வருகிறானா என்று பார்க்கக் கட்டியதாம். வந்தான், குண்டும் போட்டான், போய்விட்டான். திட்டு மிஞ்சியது. அதற்கு முன் பறங்கி வந்து சுவாமிமலைக் கோயிலை இடித்தான், ஒல்லாந்தன் வந்தான், பிரெஞ்சுக்காரனும் எட்டிப் பார்த்தான். உலகத்தில் இதைப்போல ஆழமான துறைமுகம் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லித் தந்தார்கள். எனக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. கப்பலில் வந்தவன் ஒவ்வொருவனும் துறைமுகத்தைத்தான் பார்த்தான். எங்களைப் பார்த்தது, எட்டப் போ என்று சொல்வதற்காக மட்டும்.

அந்தத் திட்டில் நின்றுதான் அண்ணன் தொழில் செய்தான். எங்கள் ஊர்த் தொழில் கரைவலை. வாடைக்காற்று ஓய்ந்து கடல் படிந்தபின், தோணியில் வலையை ஏற்றிக்கொண்டுபோய் மீன் கூட்டத்தைச் சுற்றி அரைவட்டமாக விடுவார்கள். பிறகு இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். தோணியில் இருக்கிறவனுக்கு மீன் தெரியாது. அவன் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறான். மீன் தெரிய வேண்டுமென்றால் உயரம் வேண்டும். அதற்குத்தான் மண்டாடி. பாறையில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்து, கையில் வைத்திருக்கிற வெள்ளைத் துணியை வீசிக் காட்டுவான். வலக்கையில் வீசினால் தோணி தெற்கே போக வேண்டும், இடக்கை என்றால் வடக்கே. இரண்டு கையாலும் தலைக்குமேல் சுற்றினால் வலையை விடு. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குந்திவிட்டான் என்றால் மீன் போய்விட்டது. எங்கள் கரையில் அண்ணனுக்கு இருந்த கண் வேறு ஒருவனுக்கும் இல்லை. கோபத்திலும் அதை நான் மறுத்ததில்லை.

பழைய சென்றிக்காரர்களுக்கு இது தெரியும். முதலில் அவர்களும் சந்தேகப்பட்டு, பிறகு பார்த்துப் பழகி, வலைப்பாடு நல்லாயிருந்தால் மீனும் வாங்கிப் போவார்கள். அது இந்திய ஆமி கப்பலேறிப் போய், திரும்பவும் சண்டை தொடங்கிய காலம். ஒரு நாள் பழைய ஆட்களை மாற்றிவிட்டுப் புது ஆட்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கு எங்கள் ஊரும் தெரியாது, தொழிலும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்குக் கதைபேச்சு இல்லையென்றால், ஒருவரை ஒருவர் தெரியாது என்றுதான் சொல்வோம். பேரைச் சொல்ல மாட்டோம், முறையைச் சொல்ல மாட்டோம். தபால்காரன் அண்ணனுடைய கடிதத்தை என் வாசல் படலையில் நீட்டினால், "அது ஆரெண்டு எனக்குத் தெரியாது" என்பேன். அவன் சிரித்துக்கொண்டு அடுத்த படலைக்குப் போவான். அண்ணனும் அப்படித்தான். கோயிலில் ஐயர் என்னைக் காட்டி, "தங்கச்சிக்கும் திருநீறு குடுங்கோ" என்றால், "ஆரது?" என்று கேட்பான். சொல்லியே ஆக வேண்டிய விஷயம் என்றால் முகம் பாராமல், நாய்க்கோ கோழிக்கோ வேலிக்கதியாலுக்கோ சொல்வது. கேட்க வேண்டியவருக்குக் கேட்கும். ஊரில் இதை ஒருவரும் பொய் என்று எடுப்பதில்லை. சின்னப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

அன்று காலை மேற்கேயிருந்து கச்சான் காற்று உலர்த்தி எடுத்துக்கொண்டிருந்தது. குடத்தோடு திரும்பி வருகிறேன். சென்றியில் நின்ற புதுச் சிப்பாய் துவக்கால் பாறைப் பக்கம் காட்டி, சிங்களத்தில் கேட்டான்:

"அங்கே நிற்கிறவன் யார்?"

எனக்குச் சிங்களம் தெரியும். சண்டைக்கு முன் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கட்டில் விரிப்புத் தோய்த்தவள் நான். ஊரில் அந்தப் பாஷையில் மறுமொழி சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். மற்றவர் ஊர் அலுவல் பார்க்கிற எங்கள் விதானையார். அவர் அன்று பட்டணத்துக்குப் போயிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் திட்டின்மேல் நின்று வலக்கையால் துணியை வீசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கடலில் ஒரு போர்க்கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கப்பலை நான் கவனிக்கவேயில்லை. என் கண்ணில் பட்டது அவனுடைய கையும், என் இடுப்பை அறுத்துக்கொண்டிருந்த குடமும்தான்.

"தெரியாது" என்றேன்.

"உங்கள் ஊர் ஆளா?"

"அது யாரென்று எனக்குத் தெரியாது."

மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். சிங்களத்திலும் தடக்குப்படாமல் வந்தது. அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்தேன். படலையைத் திறக்கும்போது பின்னால் பூட்ஸ் சத்தம் கடற்கரைப் பக்கமாக ஓடுவது கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிப்பாய் தபால்காரன் இல்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒருவன் பாறையில் ஏறி நின்று, போர்க்கப்பல் போகிற நேரத்தில் கடலைப் பார்த்து ஆருக்கோ சைகையாகத் துணி வீசுகிறான் என்றுதான் அவனுக்கு நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். குடத்தை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. ஓடினேன். நான் கடற்கரைக்குப் போவதற்குள் அண்ணனைப் பாறையிலிருந்து இறக்கி, கையைப் பின்னால் கட்டி, அடித்துக்கொண்டு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுடைய துணி அடம்பன் கொடியில் சிக்கிக் கிடந்தது.

மத்தியானம் வேலி உடைகிற சத்தம் கேட்டது. மச்சாள் பொட்டில் அடைத்த கிடுகைக் கையாலேயே கிழித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மூன்று வருடத்தில் அவள் என் முற்றத்தில் கால் வைத்தது அதுதான் முதல்தடவை.

"மச்சாள், சென்றியில நீங்க என்ன சொன்னீங்க?"

நான் குனிந்து, விழுந்து கிடந்த கிடுகை எடுத்தேன்.

"சொல்லுங்கோ. ஊர் முழுக்கக் கதைக்குது. தெரியாதெண்டு சொன்னீங்களோ, இல்லையோ?"

"சொன்னனான்" என்றேன்.

அவள் என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "சொன்ன வாயாலேயே வந்து தெரியுமெண்டு சொல்லுங்கோ. இப்ப வரவேணும். பொழுதுபட்டால் ரக்கில ஏத்திப் பட்டணத்துக்குக் கொண்டுபோயிடுவாங்கள்" என்றாள்.

ரக் என்றால் ஆமி லொறி. அதில் ஏற்றுவது என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் எங்கள் கரையிலிருந்து அப்படி ஏற்றிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்தவரை நாங்கள் பார்க்கவில்லை. நான் சேலையைக்கூட மாற்றாமல் அவளோடு நடந்தேன். வழி முழுக்க அவள் எனக்கு முன்னால்தான் போனாள்.

முகாம் எங்கள் பள்ளிக்கூடம்தான். நான் எழுதப் படித்த வகுப்பறையில் அதிகாரி ஒரு கதிரையில் இருந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர், வெயிலில் கறுத்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு காலையில் நின்ற சிப்பாயைக் கூப்பிட்டு, இவள்தானா என்று கேட்டார். அவன் ஆம் என்றான்.

"காலையில் தெரியாது. இப்போது அண்ணன். இதில் எது பொய்?"

"இரண்டும் பொய் இல்லை" என்றேன். கிணற்றைச் சொன்னேன். பொட்டைச் சொன்னேன். எங்களுக்குள் கதை இல்லையென்றால் தெரியாது என்று சொல்கிற வழக்கத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரக் கதையாகக் கேட்டது. ஒரு கிணற்றுக்காக ஒருத்தி கூடப்பிறந்தவனைத் துவக்குப் பிடித்தவனிடம் தெரியாது என்று சொல்வாளா? அவர் அதைத்தான் கேட்டார். வெட்கம் ஒரு பக்கம், இந்த மனிதனுக்கு என் வீட்டுச் சண்டையை விளக்கவேண்டி வந்ததே என்ற எரிச்சல் ஒரு பக்கம்.

"துணி வீசியது மீனுக்கு என்கிறாய்."

"ஓம் சேர். மீனுக்குத்தான்."

அவர் ஜன்னலால் கடலைப் பார்த்தார். தன்னுடைய ஊரும் தெற்கே ஒரு கடற்கரைதான், கரைவலை தனக்குத் தெரியும் என்றார். எனக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை அவரே கெடுத்தார்.

"அப்படியென்றால் நாளைக் காலையில் எனக்கு முன்னால் வீசட்டும். மீன் வந்தால் மண்டாடி. வராவிட்டால் பத்து மணிக்கு ரக் வருகிறது. நீயும் பக்கத்தில் நில். அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டும்."

மறுநாள் விடிந்ததும் ஊர் முழுக்கக் கரையில் நின்றது. வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரரான சம்மாட்டி வர மாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தார். தோணியோடு தன்னையும் பிடித்துவிடுவார்கள் என்று பயம். மச்சாள் அவருடைய வாசலில் போய் நின்று சத்தம்போட்ட பிறகுதான் தோணியை இறக்க விட்டார். இத்தனை வருடம் அண்ணன் காட்டிய மீனைத் தின்று கொழுத்த மனிதர். இன்றுவரை எனக்கு அவரைப் பார்த்தால் பத்திக்கொண்டுதான் வரும்.

அண்ணனைக் கொண்டுவந்தார்கள். இடது கண் இருந்த இடத்தில் கறுத்த வீக்கம் மட்டும்தான். வலது கண் ஒரு கீறலாகத் திறந்து, அதால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கண்ணைக் கொண்டு தொழில் செய்கிறவனை, கண்ணிலேயே அடித்துவிட்டு, கண்ணால் பார்த்துக் காட்டு என்று கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதிகாரிக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே அவருடைய முகத்தில் காறித் துப்பியிருப்பேன். துப்பினால் ரக்தான். விழுங்கிக்கொண்டேன்.

பாறையில் அவன் ஏறும்போது கால் இரண்டுதரம் வழுக்கியது. நான் கையை நீட்டவில்லை. நீட்டியிருந்தாலும் பிடித்திருக்க மாட்டான். திட்டின்மேல் ஏறி, நானும் அவனும் இரண்டு முழ இடைவெளியில் நின்றோம். அதிகாரி பின்னால், இரண்டு சிப்பாய்கள் கீழே. நான் அடம்பன் கொடியிலிருந்து எடுத்து வைத்திருந்த துணியை அவனுக்கு அருகே கல்லின்மேல் போட்டேன். அவன் தடவி எடுத்தான்.

அவன் கடலைப் பார்த்தான். பார்க்கிறமாதிரி நின்றான் என்று சொல்ல வேண்டும். கடல் வெயிலில் தகரமாகப் பளபளத்தது. நல்ல கண்ணுக்கே கூசுகிற வெளிச்சம். தோணிக்காரர்கள் துடுப்பை உயர்த்திக்கொண்டு இவனையே பார்த்தார்கள். அரை மணித்தியாலம் போயிற்று. அவன் அசையவில்லை.

பிறகு துணியைப் பார்த்துச் சொன்னான்: "இந்தத் துணிக்குக் கண் இருந்தால் நல்லம். கடல் என்ன நிறமெண்டு சொல்லும்."

மூன்று வருடத்தில் எனக்காக அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அதையும் துணியிடம் சொல்கிறான். சாகப்போகிற நேரத்திலும் பொட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறானே என்று அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஆனால் எனக்கும் நேரே பார்த்துக் கதைக்க வாய் வரவில்லை. நான் கல்லைப் பார்த்தேன்.

"கல்லே, கரையோரம் பச்சை. கல்லுப் பாருக்கு அங்கால நீலம். வேற ஒண்டும் இல்லை."

"பறவை இறங்குதோ எண்டு துணி பாக்காது."

"வடக்க ரெண்டு பருந்து. மேலதான் சுத்துது கல்லே, இறங்கேல்லை."

பின்னாலிருந்து அதிகாரி கேட்டார்: "என்ன சொல்கிறான்?"

"மீனைத் தேடுகிறான் சேர்."

"யாரிடம் சொல்கிறான்?"

"துணியிடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

வெயில் ஏறியது. அண்ணனுடைய வலது கண்ணும் மூடிக்கொண்டு வந்தது. நான் சின்ன வயதில் அவனுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து, இதே திட்டில் இருந்து கால் ஆட்டிக்கொண்டு கடல் பார்த்தவள். மீன் வரும்போது கடல் கறுக்கும், அந்தக் கறுப்பு நகரும், மேலே தூறல் விழுந்தமாதிரிப் பொரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முகில் நிழலும் கறுப்புத்தான், பாசியும் கறுப்புத்தான். எது எது என்று பிரிக்கிறதுதான் அவனுடைய தொழில்.

"கல்லே, தெற்க ஒரு கறுப்பு" என்றேன்.

"நகருதோ?"

"நகருது."

"காத்தோடயோ, காத்துக்கு எதிரோ?"

பார்த்தேன். கண் எரிந்தது. "எதிர்."

"மேல பொரியுதோ?"

"கொஞ்சம். ஓரத்தில."

அவன் உடனே வீசவில்லை. தலையைச் சரித்து நின்றான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும். நேற்று என்னைத் தெரியாது என்று சொல்லி இங்கே கொண்டுவந்து விட்டவள் இவள். இன்று இவள் சொல்கிற கறுப்பை நம்பி வலையை விடலாமா? அந்த ஒரு நிமிடத்தைப்போல என் வாழ்க்கையில் ஒருவரும் என்னை அவமானப்படுத்தியதில்லை. அது எனக்கு வேண்டும்தான். அதற்குப் பிறகு வலக்கையைத் தூக்கி வீசினான். தோணி தெற்கே திரும்பியது. நான் கல்லுக்குச் சொல்லச் சொல்ல, அவன் துணியை மாற்றி மாற்றி வீசினான். கடைசியில் இரண்டு கையாலும் தலைக்குமேல் சுற்றினான். கட்டி வைத்திருந்த மணிக்கட்டு இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

வலை கரைக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மச்சாளும் கயிற்றில் நின்று இழுத்தாள். வலையின் மடியைக் கரையில் ஏற்றிப் பிரித்தபோது பாதிக்குமேல் வழுவழுத்த சொறிமீனும் பாசியும். அடியில் சூடைமீன், மிஞ்சினால் இரண்டு கூடை. நான் காட்டிய கறுப்பில் பாதி பாசி. அவனுடைய கண் இருந்திருந்தால் அந்த வலை விட்டிருக்கவே மாட்டான், இன்னும் பொறுத்திருப்பான்.

அதிகாரி பூட்ஸ் நுனியால் பாசியைத் தள்ளிப் பார்த்தார். "எங்கள் ஊர் மண்டாடி இதற்குத் துணி வீச மாட்டான்" என்றார். அது உண்மை. றோட்டில் ரக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மச்சாள் மணலில் இருந்துவிட்டாள். ஒரு சிப்பாய் அண்ணனுடைய தோளில் கை வைத்தான்.

அதிகாரி என்னிடம், "கடைசியாக ஒன்று கேள். நீ அவனுக்கு யார் என்று கேள்" என்றார்.

நான் கேட்டேன். அதை எப்படிக் கேட்பது? மூன்று வருடத்தில் முதன்முறையாக அவனுடைய முகத்தை நேரே பார்த்து, "நான் உனக்கு ஆரெண்டு கேக்கினம்" என்றேன்.

அவன் அந்தக் கீறல் கண்ணை என்மேல் வைத்தான். உதடு வெடித்து வீங்கியிருந்தது. மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அது ஆரெண்டு எனக்குத் தெரியாது."

இதை நான் எப்படிச் சிங்களத்தில் சொல்வது? தங்கச்சி என்கிறான் என்று பொய் சொல்வதா? வாயைத் திறந்தேன். அதிகாரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவருக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சென்றியில் நின்ற எவருக்கும் தமிழில் வேறு ஒன்று தெரியாவிட்டாலும் 'தெரியாது' தெரியும். அவர்களுடைய எந்தக் கேள்விக்கும் எங்கள் சனம் சொன்ன மறுமொழி அதுதான்.

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சாதாரணச் சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"உயிர் போகிற நேரத்திலும் இவன் அதைத்தான் சொல்கிறான்" என்றார். "நேற்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். கூடப்பிறந்தவர்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் பகை வரும்? கூட்டிக்கொண்டு போ."

என்னிடம் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். இவனை எனக்குத் தெரியும், இவன் என் சகோதரன் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. நான் போட்ட கையெழுத்து என்னுடையது மாதிரியே இருக்கவில்லை.

வீட்டுக்கு அவனும் மச்சாளும் முன்னால் போனார்கள், நான் பத்து அடி பின்னால். அவன் தப்பத்தான் அப்படிச் சொன்னானா, தங்கச்சி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னானா, அல்லது சாகப்போனாலும் என்னை ஏற்கமாட்டேன் என்று சொன்னானா? அன்றிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். மச்சாளும் பிறகு ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று, "நானும் கேட்டனான். அவர் சொல்லேல்லை" என்றாள்.

அன்று பின்னேரம் வேலியடியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அண்ணன் ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, புதுக் கிடுகு வைத்துப் பொட்டை அடைத்துக்கொண்டிருந்தான். கயிறு எங்கே இருக்கிறது என்று தடவித் தடவித்தான் கட்டினான். மூன்று சுற்று. நான் இந்தப் பக்கம் நின்று அவன் முடிச்சுப் போடும்வரை பார்த்தேன். திற என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருந்தது?

இடது கண் திரும்பி வரவில்லை. வலது கண்ணால் ஆளைப் பார்க்கலாம், கடலைப் பார்க்க ஏலாது. அதற்குப் பிறகு அவன் பாறையில் ஏறவேயில்லை. சம்மாட்டி இன்னொருவனை ஏற்றிப் பார்த்தார், சரிவரவில்லை. முகாம்காரர் ஏறவும் தடை போட்டார்கள். திட்டு வெறுமையாகக் கிடந்தது.

நான் பழையபடி குடத்தோடு றோட்டால்தான் போனேன். அந்தப் புதுச் சிப்பாய்க்கு நடந்ததெல்லாம் பெரிய பகிடியாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் நான் குடத்தை இறக்கி அட்டையை நீட்டும்போது, அவன் துவக்கால் பாறைப் பக்கம் காட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பான்:

"அங்கே நிற்கிறவன் யார்?"

அங்கே ஒருவரும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், அந்தச் சிப்பாய்க்கு நன்றாகக் கேட்கத்தக்கதாக, "என் அண்ணன்" என்று சொல்லுவேன். அவர்களை மாற்றும்வரைக்கும் சொன்னேன்.